எறும்பு கியர்

வேலாங்காட்டில் யாராவது செத்தால் அவர்கள் கூனன்மலை ரோட்டில்தான் நடந்து ஏறிப் போகிறார்கள் என்பது, தறிக்காரன் சென்னியப்பன் சாகும்வரைக்கும் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. அவன் ஆசைப்பட்ட கியர் அவன் போன பிறகு பார்சலில் வந்து சேராமல் இருந்திருந்தால் இன்றைக்கும் தெரிந்திருக்காது, நாம் பாட்டுக்கு மலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்து, கடலை கொறித்துக்கொண்டு, அவர்களுக்கு நடுவிலேயே புகுந்து போய் வந்துகொண்டிருப்போம்.

சென்னியப்பனுக்கு வீட்டை ஒட்டி ஒரு சின்ன விசைத்தறி ஷெட், ஷெட்டுக்கு ஒரு பெண்டாட்டி, பெண்டாட்டிக்குப் பிடிக்காத ஒரு சைக்கிள். சேலத்தில் காலேஜ் பையன் ஒருத்தன் வேண்டாமென்று தள்ளிவிட்ட ரோடு பைக் அது. விரல் தண்டி டயர், கீழே சுருண்டு வளைந்த ஹேண்டில்பார். ஊர்க்காரர்கள் அதைக் கெடாக்கொம்பு என்றார்கள், சென்னியப்பன் தெருவில் வந்தால் ஆடு கத்துகிற மாதிரி கத்திக் காட்டினார்கள், அவனும் சிரித்துக்கொண்டே போவான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மலையேறக் கிளம்புவான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே மூச்சு வாங்கி இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வருவான். சமதரைக்குச் செய்த கியர் மலைக்கு எங்கே ஏறும்? பின்சக்கரத்துக்குப் பெரிய பல்சக்கரம் வைத்த ஃப்ரீவீல் போட்டால் ஏறிவிடும் புள்ள, போட்டால் ஏறிவிடும் என்று சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

புள்ள என்று அவன் கூப்பிட்டது குணவதியை. அவளுக்கும் சைக்கிளுக்கும் வேறு கணக்கு. பொங்கலுக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் மெதுவாக ஓட்டும் சைக்கிள் போட்டி வைப்பார்கள் இல்லையா, காலை ஊன்றாமல் கடைசியாகப் போய்ச் சேர்கிறவர்தான் ஜெயித்தவர், அதில் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் குணவதியை யாரும் ஜெயித்ததில்லை. அவள் வீட்டுப் பரணில் இருக்கும் எவர்சில்வர் குடம் எல்லாம் அப்படி வந்ததுதான். குணவதி சைக்கிள் மேல் நின்ற இடத்திலேயே உலை வைத்துச் சோறு வடித்து இறக்கிவிடுவாள் என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். புருஷன் வேகமாக ஏற ஆசைப்பட்டான், பெண்டாட்டி மெதுவாகப் போகத் தெரிந்தவள், ரெண்டும் ஒரே வீட்டில் நல்லபடியாகத்தான் இருந்தது.

ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து சென்னியப்பன் படுத்தான், படுத்தவன் எழவில்லை. தறியில் பாவு இழை அறுந்து கிடக்கிறது, வந்து முடிகிறேன் என்று சொல்லிவிட்டுப் படுத்ததுதான் அவன் கடைசியாகத் தெளிவாகப் பேசியது. எடுக்கிற அன்றைக்கும் மழை விட்டபாடில்லை. பொம்பளைகள் முச்சந்தியோடு திரும்பிவிட வேண்டும் என்பது ஊர் வழக்கம், குணவதியும் திரும்பினாள், தலை நனைய நனைய அழுதுகொண்டு திரும்பினாள். குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்ததென்றும், ஆம்பளைகள் அவசர அவசரமாக மண்ணைத் தள்ளிவிட்டு வந்தார்கள் என்றும் பிற்பாடு கேள்விப்பட்டாள்.

கருமாதி முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருக்கும்போது, காய்ச்சலுக்கு முன்னால் சென்னியப்பன் பணம் கட்டி வரச்சொல்லியிருந்த பார்சல் வந்தது. உள்ளே ஒரு ஃப்ரீவீல், அதில் கடைசிப் பல்சக்கரம் ஒரு இட்லித் தட்டு அகலம் இருந்தது. குணவதி அதை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கெடாக்கொம்பைத் தள்ளிக்கொண்டு யூனுஸ் பாயின் சைக்கிள் கடைக்குப் போய், அவர் ஆசைப்பட்டது, மாட்டிவிடுங்க பாய் என்றாள். பாய் பழைய ஃப்ரீவீலைக் கழற்றி இதை மாட்டினார், செயின் பற்றாமல் இன்னும் கொஞ்சம் கண்ணி சேர்த்து நீளமாக்கினார், வாய் சும்மா இருக்காமல் பேசிக்கொண்டே செய்தார்.

"மலை எங்கியும் குறையாதும்மா. ஒரே வாயில முழுங்குன்னா யாரால ஆகும்? இது கவளம் கவளமா பிச்சுக் குடுக்குது, அவ்வளவுதான். ஆனா கவளம் சின்னதானா சாப்பாடு முடிய நேரமாகும், பாத்துக்க."

அடுத்த நாள் உச்சி வெயிலில், ரோட்டில் காக்கை குருவி இல்லாத நேரமாகப் பார்த்து, செருப்பை அடிவாரத்தில் கழற்றி வைத்துவிட்டுக் குணவதி ஏறினாள். கடைசி கியரில் கால் தையல் மிஷின் மாதிரி சுற்றுகிறது, வண்டியோ எறும்பு ஊர்கிற மாதிரி நகர்கிறது. இரண்டாவது வளைவு தாண்டியதும் பக்கத்தில் யாரோ நடந்து வருகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் போன வாரம் செத்துப்போன கறிக்கடை மாரப்பன், குளிப்பாட்டி உடுத்திவிட்ட புது வேட்டியோடு, நெற்றியில் ஒட்டின காசோடு, வெறுங்காலோடு, ரோட்டைப் பார்த்தபடி ஏறிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் தெற்குத் தெரு சடையாயி, அவளுக்கும் முன்னால் முதுகு மட்டும் தெரிகிற மாதிரி இன்னும் சிலர். ஒருத்தர் நிழலும் ரோட்டில் விழவில்லை. மாரப்பன் குணவதியைப் பார்த்து, கடை ஷட்டரை இழுத்துப் பூட்டினார்களா அம்மிணி என்று கேட்டார். அவளும் கேட்ட வாய்க்குப் பதிலாக, ஆச்சுங்கண்ணா என்றாள். சுமையை இறக்கி வைத்த மாதிரி அவர் எட்டி நடை போட்டு முன்னால் போய்விட்டார்.

பஸ்ஸில் போகிறவர் கண்ணுக்கு அவர்கள் தெரியமாட்டார்கள், வேகம் ஒத்துக்கொள்ளாது. நடந்து போகிறவர் கண்ணுக்கும் தெரியமாட்டார்கள், கால் தரையில் பாவினபடியே ஏறினால் அது நம்முடைய ரோடு. கால் பாவாமல் அவர்கள் வேகத்திலேயே ஏறினால்தான் அது அவர்களுடைய ரோடு. இது ஏன் இப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், கியர் போட்ட பாய்க்கே தெரியாது.

குணவதி வந்து சொன்னதும் ஊர் ஒரு நாள் வாயைப் பிளந்தது, மறுநாள் பாய் கடையில் வரிசை கட்டி நின்றது. காய்கறிக்காரர் சைக்கிள், வாத்தியார் சைக்கிள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சைக்கிள் எல்லாவற்றுக்கும் இட்லித் தட்டு ஏறியது. எறும்பு கியர் என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். அடிவாரத்து டீக்கடையில் காலை முழுக்க இதே பேச்சு, யாரைப் பார்த்தாய், எத்தனையாவது வளைவில் இருக்கிறார், வெயிலில் முகம் வாடியிருக்கிறதா. செத்தவர்கள் கேள்வி கேட்பார்களே தவிர எதற்கும் பதில் சொல்லமாட்டார்கள் என்பதும், கேட்பதும் பெரிய கேள்வி இல்லை, விட்டுவந்த வேலையைப் பற்றித்தான் என்பதும் சீக்கிரமே எல்லோருக்கும் பிடிபட்டது. அப்பன் நகையை எங்கே புதைத்தார் என்று கேட்கப்போன ஒருத்தனிடம் அந்த அப்பன், மாட்டுக்குத் தண்ணி காட்டினாயா என்று கேட்டார். மாட்டை விற்றுத்தான் அவருக்குக் காரியமே செய்திருந்தார்கள். ஆச்சுங்கப்பா என்று சொல்லிவிட்டு அவன் கீழே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதான்.

ஆச்சு என்று சொன்னால் அவர்கள் நடை விரைந்துவிடும், மேல் வளைவில் மஞ்சு மூடிய இடத்துக்குள் போய்விடுவார்கள், அப்புறம் யார் கண்ணிலும் படமாட்டார்கள். இன்னும் இல்லை என்று சொன்னால் தயங்கித் தயங்கிப் பின்தங்குவார்கள். அதனால் ஊர் கூடி, கருமாதிக்குள் வீட்டில் யாராவது ஒருத்தர் மேலே போய் ஆச்சு சொல்லிவிட வேண்டும், ஆசைக்காகப் பிடித்து வைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு பண்ணியது. மலை பஸ் டிரைவர் வளைவுக்கு வளைவு ஹாரனைக் குறைத்து, வழி விடுங்க சாமி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு ஓட்ட ஆரம்பித்தார். வந்து போகிற வெளியூர்க்காரர்கள் அவருக்கு பக்தி ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

கால் ஊன்றக் கூடாது என்பதை மட்டும் ஊர் ராசுக்குட்டியைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. அவன் ஆத்தாளைப் பார்க்கப் போனான், அவள் அவனிடம் சாப்டியா என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டி, வண்டி ஆடி, அவர்களோடு இருக்கும்போதே அவன் காலை ஊன்றிவிட்டான். சைக்கிளைத்தான் கொண்டுவர முடிந்தது. அதன் பிறகு ஏறினவர்கள் எல்லோரும் அவனை அந்தக் கூட்டத்தில் பார்த்தார்கள், அத்தனை வெறுங்காலுக்கும் நடுவில் அவன் ஒருத்தன் காலில் மட்டும் நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. அவன் பெண்டாட்டி அவனைப் பார்க்க ஏறிப் போனபோது அவளிடமும், கதவைத் தாழ்ப்பாள் போட்டாயா என்றுதான் கேட்டான்.

இதெல்லாம் ஊர் அறிந்த கதை. ஊர் அறியாததைக் குணவதி மடியில் கட்டி வைத்திருந்தாள். மாரப்பனைப் பார்த்த மறுநாளே அவள் திரும்பப் போய், சென்னியப்பன் எந்த வளைவிலும் இல்லாததைக் கண்டு மனம் உடைந்து, முதல் வளைவுக்குக் கீழே பொங்கல் போட்டியில் நிற்கிற மாதிரி வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டாள். அப்போது பார்த்தாள். அவளுக்குப் பக்கத்திலேயே, மற்ற எல்லோரையும் விட மெதுவாக, ஒரு சாணுக்கும் குறைவாக அடி வைத்து, ஈர வேட்டி காலைச் சுற்ற அவன் வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பிறகு செத்தவர்களெல்லாம் அவனைத் தாண்டி எப்போதோ போயாகிவிட்டது.

தறியில அறுந்த இழையை முடிஞ்சுட்டியா புள்ள என்று கேட்டான்.

குணவதி ஷெட் பக்கமே போகவில்லை. போயிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். இன்னும் இல்லீங்க மாமா என்றாள், சொல்லும்போதே அவளுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம் பரவியது. எல்லோரும் எட்டி நடந்து போகிறார்கள், இந்த மனுஷன் தனக்காக அல்லவா அடி எடுத்து வைக்க மனசில்லாமல் நிற்கிறான் என்று நினைத்தாள். அவன் வேகத்துக்கு அவளால் ஒரு சில மூச்சு நேரம்தான் வண்டியைப் பிடிக்க முடியும், அதற்குள் அவனைத் தாண்டிவிடுவாள். மேலே போய்த் திரும்பி, கீழே இறங்கி, மறுபடி ஏறி வருவாள். ஒரு ஏற்றத்துக்கு ஒரு கேள்வி, ஒரு பதில். கார்த்திகை போய் மார்கழி போய்ப் பொங்கலும் வந்தது, அந்த வருஷம் அவள் போட்டியில் கலந்துகொள்ளவில்லை, தினமும் மதியம் மலையிலேயே இருந்தாள். ஊர்க் கட்டுப்பாடு அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் தினமும் இன்னும் இல்லீங்க மாமா என்று சொன்னாள்.

கூடவே இருக்க வேண்டும் என்ற ஆசையில் அவள் மறுபடி பாய் கடைக்குப் போய், இதை விடச் சின்ன கியர் வேண்டும் என்றாள். பாய் யோசித்து, முன்னால் இருக்கிற செயின்வீலைக் கழற்றிவிட்டு உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஒன்றை மாட்டினார். இதுக்கு மேல வண்டி நிக்காதும்மா, சைக்கிள்னா ஓடுனாத்தான் நிக்கும் என்று சொல்லி அனுப்பினார்.

அந்தச் சின்ன சக்கரத்தோடு ஏறின அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் அவனோடு சேர்ந்தாற்போல, தாண்டிப் போகாமல், வளைவின் நீளத்துக்கும் வந்தாள். முகத்தைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள், கண் நிறையப் பார்த்தாள். வளைவில் பள்ளத்துக் காற்று அடித்து வேட்டியைத் தூக்கியது. அவன் கால் கட்டைவிரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி, மண்ணும் சேறும் அப்பி, அப்படியே இருந்தது. உப்புக்காற்று பட்ட இரும்பு மாதிரி விரல் தோலெல்லாம் உரிந்திருந்தது. அவன் நடக்கவே இல்லை. கட்டின காலோடு தத்தித் தத்தி வந்துகொண்டிருந்தான், ஐப்பசியிலிருந்து.

தனக்காக நிற்கிறான் என்று இத்தனை நாள் பூரித்துப் போயிருந்தாளே, அந்தப் பூரிப்பை நினைத்து அவளுக்கே அவள் மேல் வெறுப்பு வந்தது.

நேராக இறங்கிப் போய் மச்சாண்டார் பழனியப்பன் முன்னால் நின்றாள். சென்னியப்பனுக்கு அண்ணன் அவர், குழி மேட்டில் முன்னால் நின்று காரியம் பார்த்தவர். குழியில் இறக்கும் முன்னால் தாடையைச் சேர்த்துக் கட்டின நாடிக்கட்டு, கைக்கட்டு, கால்கட்டு எல்லாவற்றையும் அவிழ்த்துவிட வேண்டும் என்பது மூன்றாம் கிளாஸ் பிள்ளைக்கும் தெரிந்த முறை. யார் அவிழ்த்தீர்கள் என்று கேட்டாள். பழனியப்பன் மாமன்காரரைப் பார்த்தார், மாமன்காரர் பங்காளியைப் பார்த்தார், பங்காளி வாசலில் நின்ற செடியைப் பார்த்தார். கைக்கட்டை ஒருத்தர் அவிழ்த்திருக்கிறார், நாடிக்கட்டை ஒருத்தர் அவிழ்த்திருக்கிறார், கால்மாட்டில் தண்ணீர் ஊறி நின்றதால் அங்கே நின்றவர் அவிழ்த்திருப்பார் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். கால்மாட்டில் யாருமே நிற்கவில்லை. முச்சந்தியோடு திரும்பிய பொம்பளை ஒருத்தி அங்கே இருந்திருந்தால் குனிந்து பார்த்திருப்பாள். மூடின குழியைத் திறக்கிற வழக்கம் ஊரில் இல்லை என்று பழனியப்பன் தரையைப் பார்த்தபடி சொன்னார். அவர் பெண்டாட்டி ருக்குமணிதான் ஓரகத்தி கையைப் பிடித்துக்கொண்டு, நீ எதுவும் செஞ்சு வெச்சுராத குணா என்று அழுதாள்.

மறுநாள் மதியம் குணவதி தறி ஷெட்டின் ஜன்னல் வழியாகக் கைவிட்டு, நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியை எடுத்து ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு வண்டி ஏறினாள்.

முதல் வளைவின் நல்ல செங்குத்தில், அவனுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் புகுந்து, அவன் அடிக்கு அடி வண்டியை ஓட்டினாள். கீழே பள்ளம், பள்ளத்தின் அடியில் வேலாங்காட்டு ஓட்டுக் கூரைகள். ஊர் சிரித்த கெடாக்கொம்பு அன்றைக்குத்தான் உதவியது. வளைந்த பிடியின் அடிப்பாகத்தை இடது கையால் பற்றிக்கொண்டு அவளால் முகம் சக்கரத்தில் படுகிற அளவுக்குக் குனிய முடிந்தது. வலது கையைக் கத்தரியோடு நீட்டினாள். பெடல் அரைச் சுற்று, நிறுத்து, கால் சுற்று, நிறுத்து. துணியில் கத்தரி பட்டது, ஈரத்தில் வழுக்கியது, மறுபடி பட்டது. காலை ஊன்றிவிட்டால் நிம்மதியாக உட்கார்ந்து அவிழ்க்கலாம், அவிழ்த்துவிட்டு அவனோடேயே போய்விடலாம். அந்த நினைப்பு அவளுக்கு வராமல் இல்லை, வந்தது, இனிப்பாகவே வந்தது. அந்த இனிப்பில் வண்டி ஒரு ஆட்டம் ஆடியது, வலது பெடல் கீழே இறங்கியது, அவள் வலது கால் கட்டைவிரல் ரோட்டைத் தொட்டது. தொட்டதும் எடுத்துவிட்டாள். அதே நொடியில் கத்தரி வாய் கூடியது, துணி அறுந்து அவள் கைக்கு வந்தது.

சென்னியப்பன் நின்றான். ஒரு காலை அகட்டி வைத்துப் பார்த்தான், அடுத்த காலை எட்டி வைத்துப் பார்த்தான். அப்புறம் நடந்தான் பாருங்கள், உயிரோடு இருந்தவரைக்கும் மூச்சு வாங்கி இறங்கின அந்த வளைவை ஒரு மூச்சில் தாண்டினான். குணவதி ஒரு கியர் ஏற்றினாள், இன்னொன்று ஏற்றினாள், எழுந்து நின்று மிதித்தாள், தொடை நடுங்கியது, எட்டவில்லை. ரோட்டின் மேல் மடிப்பிலிருந்து அவன் எட்டிப் பார்த்தான்.

"தறியில அறுந்த இழைய முடிஞ்சுட்டியா புள்ள?"

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற வண்டியில் ஆடினாள். இன்னும் இல்லீங்க என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது, அத்தனை நாள் பழக்கம்.

"ஆச்சுங்க மாமா," என்றாள். "நீங்க போங்க."

வண்டியை அந்தக் குறுகலிலேயே கால் ஊன்றாமல் திருப்பி, பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தாள். நேராக ஷெட்டைத் திறந்து, ஒட்டடையைத் தள்ளி, அறுந்து கிடந்த இழையைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டாள். சுவிட்சைத் தட்டினாள். சாயங்காலம்வரை தறி அடிக்கிற சத்தம் தெருவில் கேட்டது, அவள் அறுத்து வந்த கால்கட்டுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு பழனியப்பன் ஷெட் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து வேலாங்காட்டில் பொம்பளைகள் முச்சந்தியோடு திரும்புவதில்லை. குழி மேடுவரை போகிறார்கள், கால்மாட்டில் ஒருத்தி நின்று, கட்டு அவுத்தாச்சா என்று சத்தமாகக் கேட்கிறாள், பதில் வந்த பிறகுதான் மண் விழுகிறது.

இதோடு கதையை முடித்துக்கொள்ளலாம் என்றால் அந்தக் கட்டைவிரல் விடமாட்டேன் என்கிறதே.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு ருக்குமணி கூப்பிட்டிருந்தாள். குணவதி வாசல்படியில் வந்து நின்று, அக்கா, தண்ணி மோட்டார நிறுத்தீட்டீங்களா என்று கேட்டாள். சாதாரணக் கேள்விதான். ஆச்சு என்று சொல்லத்தான் ருக்குமணி வாயைத் திறந்தாள், திறந்தவள் கேட்ட குரலைக் கவனித்தாள், கீழே குனிந்து காலைப் பார்த்தாள். வலது கட்டைவிரல் மட்டும் நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறின மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் எல்லாவற்றுக்கும் நிழல் விழுந்திருந்தது, அந்த ஒரு விரலுக்கு விழவில்லை. ருக்குமணி சொல்ல வந்ததை அப்படியே விழுங்கினாள்.

இன்னும் இல்ல கண்ணு, அப்புறமா நிறுத்திக்கலாம், நீ உள்ள வா என்றாள்.

அதற்கப்புறம் குணவதி ஊருக்குள் பார்க்கிறவர்களிடமெல்லாம் இப்படி ஏதாவது கேட்பாள். அடுப்பை அணைத்தாயா, கோழியை அடைத்தாயா, பால் காய்ச்சியாயிற்றா. ஊர் முழுக்க ஒரே பதில்தான், இன்னும் இல்லை. ஆசைக்காகப் பிடித்து வைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு பண்ணின அதே ஊர்தான். அடைத்த கோழி கூண்டுக்குள் கத்திக்கொண்டிருக்கும்போதே, இன்னும் இல்லீங்கக்கா என்பார்கள். கல்யாணமாகி வருகிற மருமகள்களுக்குச் சமையலறையைக் காட்டும் முன்னால் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். பஸ் கண்டக்டருக்கும் தபால்காரருக்கும்கூடச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவளும் தறி ஓட்டுகிறாள், சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள், பொங்கல் போட்டியில் மறுபடியும் குடம் வாங்கினாள்.

போன தையில் ஒரு நாள் ருக்குமணி வீட்டு முற்றத்தில் காய வைத்த மிளகாயையெல்லாம் அள்ளி மூட்டை கட்டி உள்ளே வைத்தாகிவிட்டது. வெறும் பாய் கிடக்கிறது. குணவதி அதைப் பார்த்தபடியே, மொளகா அள்ளியாச்சாக்கா என்று கேட்டாள். ருக்குமணி வெறும் பாயைப் பார்த்துக்கொண்டு, இன்னும் இல்ல குணா என்றாள்.

குணவதி குனிந்து அந்த வெறும் பாயைச் சுருட்டிச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"தெரியுதுங்கக்கா," என்றாள் பிறகு. "நானும் அவருகிட்ட இப்பிடித்தான் சொல்லிட்டிருந்தேன்."

"தெரிஞ்சாச் சரி," என்றாள் ருக்குமணி. "சோறு ஆறுது, வந்து உக்காரு."